சிரிலை வல்லூறில் ஏற்றி அனுப்பிய விவரம்

டோர்செட்,
வெள்ளிக்கிழமை, மழை.

மதிப்பிற்குரிய எனிட் அவர்களுக்கு,

உங்கள் தம்பி சிரிலின் பழைய சகா நார்மன் டிங்லி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இடது முழங்காலையும் நேற்று நடந்ததையும் கழித்துப் பார்த்தால் நான் நலம். நியூசிலாந்தில் நீங்களும் உங்கள் புது இடுப்பு எலும்பும் பூனையும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இப்போது வசந்தகாலம் என்று கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி. மரியாதைக்கு எழுத வேண்டியது இத்துடன் முடிந்தது. இனி தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் பழைய தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் சங்கச் செயலாளர் கெவின் உங்களுக்கு ஒரு புகைப்படம் அனுப்பியிருப்பார். வெள்ளி உடுப்பு போட்ட பத்தொன்பது பேர் வாயைப் பிளந்து நிற்பார்கள், எல்லார் முகமும் சாம்பல் பூசியிருக்கும், நடுவில் கறுப்பு டை கட்டிய ஒரு கிழவன் நிற்பான். அந்தக் கிழவன் நான். அவர்கள் முகத்தில் இருப்பது உங்கள் தம்பி. எப்படி இப்படி ஆயிற்று என்பதை வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

சிரில் எப்படிப் போனான் என்று உங்களுக்கு மருத்துவமனையிலிருந்து மேலோட்டமாகத்தான் சொல்லியிருப்பார்கள். தனியாகத்தான் போனான். நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, பிறகு போலீஸ் வந்து திறந்தபோது சமையலறை மேசையில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தானாம். வலது கையில் ஒரு தயிர்க் கோப்பை ஒட்டிக்கொண்டிருந்தது. பசை காய்ந்து போயிருந்ததால் பிரிக்க முடியவில்லை. அது எந்த விண்கலத்துக்கு என்ஜினாகப் போக இருந்ததோ தெரியாது. அந்தக் கோப்பையோடுதான் அவனை எரித்தார்கள். எண்பது வயதில், யாரும் கேட்காத ஒரு கப்பலைச் செய்துகொண்டிருந்தான்.

அவன் உயில் ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டையின் உள்பக்கத்தில் இருந்தது. வக்கீல் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வாசித்தார். "என் சாம்பலை வல்லூறின் வயிற்றில் வை. பதினான்காம் பகுதியில் அது வெடித்த அதே கல்குவாரியில், அதே இடத்தில் வெடிக்க வை. நார்மன்தான் செய்ய வேண்டும். வெடிப்பதற்கு முன்னால் அவன் நாலு பேர் கேட்க ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என்னவென்று அவனுக்குத் தெரியும்."

தெரியும், எனிட். எங்கள் விண்வெளித் தொடர் 'ஏழாம் சுற்றுப்பாதை' தொலைக்காட்சியில் நாலு வருடம் ஓடியது. நாடே சனிக்கிழமை தேநீரோடு அதன் முன்னால் உட்கார்ந்தது. ஒவ்வொரு வாரமும் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'விண்கல வடிவமைப்பு: நார்மன் டிங்லி' என்று வரும். அதில் பறந்த வல்லூறு என்ற விண்கல மாதிரியை நான் வடிவமைக்கவில்லை. முட்டை அட்டை, ஷாம்பூ மூடி, இரண்டு எலுமிச்சைச் சாறு புட்டி, ஒரு ஹேர் டிரையர், இவற்றை வைத்துச் சிரில்தான் உங்கள் அம்மாவின் சமையலறையில் ஒன்பது நாளில் செய்தான். (அந்த ஹேர் டிரையர் உங்களுடையது. நீங்கள் இத்தனை வருடமாக வீட்டுச் சொந்தக்காரியைச் சந்தேகப்பட்டது பாவம்.) நான் நிரந்தர ஊழியன், அவன் வாரக் கூலி. பட்டியலில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்றார்கள். "அடுத்த சீசன்ல உன் பேரப் போடச் சொல்றேன்டா" என்றேன். நாலு சீசன் சொன்னேன். மேலிடத்தில் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவன் என்னோடு சண்டை போடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு வாழ்த்து அட்டை அனுப்பினான், கையெழுத்து இல்லாமல். நாற்பத்தைந்து அட்டைகள் இருக்கின்றன. ஒன்றிலும் பெயர் இல்லை.

ஆகவே நேற்று நான் சொல்லியாக வேண்டியிருந்தது. அதற்காகவே ஒரு மாதம் கராஜில் உட்கார்ந்து வல்லூறுக்கு ஒரு நகல் செய்தேன், பழைய சாமான் கடையில் அதே மாதிரி ஹேர் டிரையர் தேடிப் பிடித்து. அசல் வல்லூறு (தொடரில் வெடித்ததும் ஒரு நகல்தான்) எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதே வாரம் அவர்களும் அதை ஒரு கோளின் தரைமேல் நிறுத்திக் காட்சிக்கு வைக்க வேண்டும், மண் வேண்டும் என்றார்கள். என்னிடமா மண்ணுக்குப் பஞ்சம்? கராஜ் அலமாரி முழுக்கக் கிறிஸ்துமஸ் பிஸ்கட் டப்பாக்கள், எல்லாம் ஒரே சிவப்பு, ஒவ்வொன்றிலும் தொடரில் வந்த ஒரு கோளின் மண். எங்கள் பட்டறையில் எந்தப் பொடி வந்தாலும் உடனே சலித்து டப்பாவில் கொட்டி, மூடியில் பெயர் எழுதி ஒட்டிவிடுவோம். சிரிலுக்கு மட்டும் அது பிடிக்காது. "டப்பாவுல எழுதுடா, மூடி ஊர் சுத்தும்" என்று கத்துவான். நான் மூடியில்தான் எழுதுவேன். தகனக் கூடத்தில் கொடுத்த ஊதா ஜாடி கப்பலின் வயிற்றில் நுழையாததால், அவனையும் வழக்கப்படி சலித்து ஒரு புது டப்பாவில் போட்டு, மூடியில் 'சிரில்' என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு ஸாரோன் கோளின் மண்ணைக் கொண்டுபோய்ப் பரப்பி, சூப் கரண்டியின் முதுகால் பள்ளங்கள் அமுக்கி, பழைய டூத்பிரஷ்ஷால் ஓரம் தட்டிக் கொடுத்தேன். அங்கே பொறுப்பில் இருக்கும் ஃபியோனா கண்ணாடி மூடி வைத்துச் சுற்றிலும் அடைத்துவிட்டாள். ஒரு வேலை முடிந்தது என்று நிம்மதியாக வீடு வந்தேன்.

நேற்றுக் காலை கெவின் ஒரு பஸ் நிறைய ஆட்களோடு வந்தார். இந்த ரசிகர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. படம் எடுத்த இடத்துக்குப் போவார்கள், காட்சியின் அச்சுப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நடிகர் எந்தக் கல்லில் கால் வைத்தாரோ அந்தக் கல்லைத் தேடி அதே காலை வைப்பார்கள். ஒரு சாண் தள்ளி நின்றால் அந்தப் பயணம் செல்லாது. கல்குவாரி வாசலில் மஞ்சள் கோட்டு போட்ட ஓர் ஆள் எங்களை நிறுத்தினார்.

"நீங்கள்லாம் யாருங்க?"

"ஸாரோன் கோளுக்கு வந்திருக்கோம்" என்றார் கெவின்.

"அதெல்லாம் தெரியாதுங்க. முங்கு நீச்சல்னா இடப்பக்கம், குப்பை கொட்டறதுன்னா வலப்பக்கம்."

"சாவு" என்றேன் நான்.

அவர் கையிலிருந்த தாளை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குத் தனி வரிசை இல்லீங்களே."

கடைசியில் முங்கு நீச்சல் என்று எழுதிக்கொண்டு உள்ளே விட்டார். பாதிக் குவாரி இப்போது ஏரி, அதில் ரப்பர் உடுப்பு போட்டவர்கள் குதிக்கிறார்கள். மீதி நகராட்சிக் குப்பைமேடு. கெவின் டேப்பை விரித்து, அச்சுப் படத்தைப் பிடித்து, அரை மணி நேரம் அளந்தார். பிறகு முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

"மிஸ்டர் டிங்லி, ஒரு சின்னச் சிக்கல். வல்லூறு வெடிச்ச பாறை இப்ப இல்ல. வெட்டி எடுத்து ரோடு போட்டுட்டாங்க."

"அப்ப அந்த இடம் எங்க?"

அவர் தலைக்கு மேலே, ஏரிக்கு நடுவே, நாற்பதடி உயரத்தில் வெறும் ஆகாயத்தைக் காட்டினார். "துல்லியமா அங்கதான்."

கரையிலேயே வெடிக்க வைத்துவிடலாம் என்றேன். பத்தொன்பது பேரும் நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலப் பார்த்தார்கள். முங்கு நீச்சல்காரர்களின் கிரேனைக் கெஞ்சிக் கேட்டு, அதன் உச்சியிலிருந்து கரைக்குத் தூண்டில் நரம்பு கட்டி, 'சிரில்' டப்பாவில் இருந்ததை வயிற்றில் கொட்டி, அதில் வல்லூறைக் கோத்தோம். வெடி வைத்தவன் ஆர்ச்சி, அந்தக் காலத்தில் எங்கள் வெடிகளையெல்லாம் பார்த்துக்கொண்டவன். அப்போது பத்து விரல் இருந்தது, இப்போது ஏழு. "கவலப்படாதடா நார்மன், மிச்சம் ஏழும் அனுபவசாலிங்க" என்றான்.

கப்பல் கிளம்பியது. பாதி வழியில் நரம்பு முறுக்கிக்கொண்டு, அப்படியே திரும்பி, வால் முன்னாலும் மூக்கு பின்னாலுமாகப் போனது. சிரில் இருந்திருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பான். கெவின் சொன்ன காற்றுவெளிக்கு வந்து நின்றது. ஆர்ச்சி பொத்தானை அழுத்தினான், ஒன்றும் நடக்கவில்லை. அவன் கம்பிகளைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்த இடைவெளியில் கெவின் ஒரு தாளை எடுத்து இரங்கல் உரை வாசித்தார். "மாமேதை நார்மன் டிங்லி அவர்களின் அழியாத படைப்பான வல்லூறுக்கு, பசை தடவி, வண்ணம் பூசி உதவிய எளிய தொழிலாளி சிரில் ஹேவுட்..."

எளிய தொழிலாளி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதுதான் நேரம் என்று முன்னால் வந்தேன். நாற்பத்தைந்து வருடமாக வயிற்றில் கிடந்ததை எடுத்து, என்னால் முடிந்த அளவு உரக்கச் சொன்னேன். "நிறுத்துங்க கெவின்! அந்தக் கப்பல நான் செய்யல, எல்லாமே சிரில்தான்..."

சரியாக அந்த இடத்தில் ஆர்ச்சிக்குக் கம்பி பொருந்தியது.

சத்தத்தில் குப்பைமேட்டுப் பறவைகளெல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. ஏரியில் ஒருவர் மூழ்கிவிட்டு மறுபடி மேலே வர மறுத்தார். காற்று எங்கள் பக்கம் திரும்பியது. அந்தச் சாம்பல் மேகம் மெதுவாக, ஒரே சீராக, எங்கள்மேல் இறங்கியது. நாங்கள் நாலு சீசன் பாடுபட்டுக் கலக்கிய கோள் மண் எப்படி இறங்குமோ அப்படியே இறங்கியது. சாம்பலாகியும் தொழிலை விடவில்லை பார் என்று எனக்குக் கண் கலங்கியது. ரசிகர்கள் எல்லாரும் வியந்து வாயைப் பிளந்திருந்தார்கள். வியக்காமல் இருந்திருந்தால் உங்கள் தம்பியை இவ்வளவு பேர் விழுங்கியிருக்க மாட்டார்கள்.

காது அடைத்துப்போயிருந்த கெவின், உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "என்னமோ சொன்னீங்களே சார், கேக்கல. என்ன சொன்னீங்க?"

எனிட், பத்தொன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள், அன்பாகப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "ஒண்ணுமில்லப்பா. சிரில் நல்லவன்னு சொன்னேன்."

அவ்வளவுதான் நான். மறுபடி ஒரு முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு பப்புக்குப் போய் எல்லாரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டார்கள், கையைக் கழுவாமல். கெவின் அந்த வெள்ளிக் கோட்டைத் துவைக்காமல் சட்டம் போட்டு மாட்டப்போகிறாராம். உங்கள் தம்பி பாதி ஏரியிலும், பாதி பத்தொன்பது பேர் வயிற்றிலும், கொஞ்சம் கெவின் வீட்டுச் சுவரிலுமாகப் போய்விட்டான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் வெடிச்சத்தத்துக்குள் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள் இடுப்பு சீக்கிரம் தேறட்டும். பூனைக்கு என் விசாரிப்பு. கடவுள் உங்களுக்கு நல்ல தூக்கத்தையும், என்னைவிட நல்ல நண்பர்களையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு, தலைகுனிவுடன்,
நார்மன் டிங்லி

பின்குறிப்பு (சனிக்கிழமை): நேற்று மழையில் தபாலுக்குப் போகாதது நல்லதாயிற்று. மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும். இன்று காலை, சிரிலைக் கல்குவாரிக்குக் கொண்டுபோன டப்பாவைக் கழுவக் கவிழ்த்தேன். அடியில் பெயிண்டால் எழுதியிருந்தது, சிரிலின் கையெழுத்து: 'ஸாரோன். சிமெண்ட் மூன்று, களிமண் இரண்டு, அடுப்புச் சாம்பல் ஒன்று. டேய் நார்மன், மூடியை நம்பாதே. சிரில் ஹேவுட்.' அவன் எனக்குக் கையெழுத்துப் போட்டு எழுதிய ஒரே கடிதம் அதுதான்.

திங்கட்கிழமை இரண்டு டப்பாவையும் திறந்து வைத்திருந்தபோது, என்ன நிறத்தில் டை கட்டுவது என்று கேட்டுக் கெவின் போன் செய்தார். பேசிவிட்டு வந்து மூடிகளை மாற்றிப் போட்டிருக்கிறேன். நாங்கள் வெடிக்க வைத்தது மூன்றாம் சீசன் சிமெண்ட். பத்தொன்பது பேர் விழுங்கியதும் அதுதான். கெவினிடம் நான் சொல்லப்போவதில்லை, கோட்டு மாட்டட்டும்.

உடனே ஃபியோனாவுக்குப் போன் செய்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவளே, "சார், அந்தத் தரை அவ்ளோ நிஜமா இருக்கு! அந்தக் குட்டிக் குட்டி வெள்ளைக் கல்லெல்லாம் என்ன போட்டீங்க?" என்றாள். நான் கல் எதுவும் போடவில்லை, எனிட். என் கண்ணுக்குச் சல்லடையின் ஓட்டையே இப்போது தெரிவதில்லை. உங்கள் தம்பியின்மேல் சூப் கரண்டியால் பள்ளம் அமுக்கியவன் நான்.

"பெயர்ப் பலகைய இன்னும் அடிக்கலையே?" என்று கேட்டேன். "இல்ல சார், உங்க பேரு ரெடியா இருக்கு" என்றாள். பேனாவை எடுக்கச் சொன்னேன். போனில், ஒரு எழுத்துகூடக் காதில் விழாமல் போகக் கூடாது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: 'வல்லூறு. வடிவமைத்தவர், செய்தவர்: சிரில் ஹேவுட்.' அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது. "அப்ப நீங்க, சார்?" என்றாள். "நான் மூடி போட்டவன்மா" என்றேன்.

பலகை வரும் செவ்வாய்க்கிழமை ஏறுகிறது. கண்ணாடிக்குள் அவன் தன் கப்பலுக்குக் கீழே, உங்கள் ஹேர் டிரையருக்குப் பக்கத்தில், தன் பெயருக்கு ஒரு சாண் தூரத்தில் படுத்திருக்கிறான். எடுத்துவிடு என்று நீங்கள் எழுதினால் எடுக்கிறேன். ஆனால் பதில் எழுதுமுன் பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முறை யோசியுங்கள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு அட்டை வராது. உங்களுக்கு நான் ஒன்று அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு.

நா. டி.