ரெங்கராஜ் டாக்டரின் சர்க்கரை உருண்டை

வெளியில் சொல்ல வெட்கப்படும் நோய்க்குத்தான் கூட்டம் அதிகம். 1958இல் அந்தக் கூட்டம் முழுக்க ஸ்ரீரங்கத்தில் டாக்டர் ரெங்கராஜ் வாசலில் நின்றது. எல்லாரும் ஆம்பிளைகள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

நோய் இதுதான். விதைப்பையில் நரம்பு தடித்துச் சுருண்டு, பைக்குள் மண்புழுவைக் கட்டிவைத்த மாதிரி புடைத்திருக்கும். சிலருக்குப் பிள்ளையும் தள்ளிப்போகும். பெரியாஸ்பத்திரியில் 'வேரிகோசில்' என்று சொல்லி, ஆபரேஷன் என்றார்கள். பொன்மலை ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் பிச்சைமுத்து இரும்பை அறுப்பான். தன்னை அறுப்பது என்றதும் ஓடிவந்துவிட்டான்.

ரெங்கராஜிடம் கத்தி கிடையாது. ஹோமியோபதி! பட்டம் கல்கத்தாவிலிருந்து தபாலில் வந்தது. டாக்டர் கரூரைத் தாண்டியதில்லை.

வைத்தியம் சுலபம். திரைக்குப் பின்னால் நிற்க வைப்பார்.

"தடவிப் பாரு. புடைப்பு இருக்கா?"

"இருக்குங்க."

நாக்கில் மூன்று சர்க்கரை உருண்டை. பிறகு பாயில் படுத்து, காலைத் தலகாணிமேல் தூக்கிவைக்க வேண்டும். அரைமணி கழித்து, படுத்தபடியே பார்க்கச் சொல்வார்.

"இப்ப?"

"இல்லீங்க!"

வெளியே கூட்டம் "ரெங்கா! ரெங்கா!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பெருமாளையா டாக்டரையா என்பது பெருமாளுக்கே வெளிச்சம்.

மறுநாள் புடைப்பு திரும்ப வந்தால்?

"காபி குடிச்சியா? கற்பூர வாசனை பட்டுதா? அதான், மருந்து முறிஞ்சிடுச்சு!"

காபி குடிக்காமல் திருச்சியில் ஒருவன் இருந்துவிடலாம். கற்பூரம் மணக்காமல் ஸ்ரீரங்கத்துத் தெருவைத் தாண்டச் சொன்னால் எங்கே போவான்?

பிச்சைமுத்து ஒருநாள் "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினான். வினை அங்கேதான் தொடங்கியது.

"எம்புள்ளைக்குக் குணமாயிடுச்சு. அப்ப புள்ளை இல்லாத கொறை யார்கிட்ட?" என்றாள் அம்மா ரெங்கம்மாள். "லால்குடியில பொண்ணு பாத்துட்டேன்."

ஒருவனுக்கு ஒருத்தி என்று சட்டம் வந்துவிட்டது. ரெங்கம்மாளுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

பெண்டாட்டி வெள்ளையம்மாள் அழவில்லை. ராத்திரி புருஷனைக் கேட்டாள்.

"காலையில எந்திரிக்கும்போது அது இருக்குமா?"

"இருக்காது. குளிக்கப் போறப்ப வந்துடும்."

"இந்த டாக்டரைப் பாக்கறதுக்கு முந்தி?"

பிச்சைமுத்து நினைத்துப் பார்த்தான். "அப்பவும் அப்படித்தான்."

"நாளைக்கு மாத்திரையை முழுங்காம படுங்க. போனா, படுத்ததால போச்சு. போகலேன்னா, லால்குடிக்கு நானே தட்டு தூக்கிட்டு வரேன்."

மறுநாள் உருண்டையை நாக்கடியில் ஒதுக்கி, டாக்டர் திரும்பிய நேரத்தில் உள்ளங்கையில் துப்பிக்கொண்டான். படுத்தான். அரைமணி.

"இப்ப?"

பிச்சைமுத்து தடவிப் பார்த்தான். கத்தி ஒரு பக்கம், வெள்ளையம்மாள் ஒரு பக்கம்.

"இல்லீங்க."

"ரெங்கா! ரெங்கா!"

வேட்டியை இறுக்கிக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தான். கையை விரித்துக் காட்டினான். "மாத்திரையும் உள்ள போகலீங்க."

ரெங்கராஜ் அசரவில்லை. "கையில பட்டாலே போதும்யா! அதான் ஹோமியோபதி. சூட்சும சக்தி!"

"அப்படியா சாமி?" கூட்டத்தின் ஓரத்திலிருந்து கேட்டாள், புருஷனோடு வந்திருந்த வெள்ளையம்மாள். "அப்ப எல்லார் கையிலயும் குடுங்க. யாரும் படுக்க வேணாம். நின்னுக்கிட்டே பாக்கட்டும்."

"ஏம்மா, இது ஆம்பிளைங்க சமாச்சாரம்..."

"ஆம்பிளைங்க சமாச்சாரத்துக்குத்தான் என்னைத் தள்ளிவைக்கப் பாக்கறாங்க. குடுங்க!"

கூட்டமும் கையை நீட்டியது. டாக்டர் கொடுக்காமல் தீரவில்லை. உருண்டையை மூடிய கையோடு எல்லாரும் அரைமணி நின்றார்கள். பிறகு ஒவ்வொருத்தராகத் திரைக்குள் போனார்கள்.

"இருக்குங்க."

"இருக்குங்க."

"எனக்கும் இருக்குங்க!"

"எவனோ காபி குடிச்சிருக்கான்!" என்று கத்தினார் ரெங்கராஜ்.

"யோவ், காபியை விட்டு ஆறு மாசமாச்சுய்யா!" என்று பாய்ந்தார் மன்னார்புரத்து மளிகைக்காரர் அழகிரி. "நின்னா ரத்தம் எறங்குது, புடைக்குது. படுத்தா வடியுது. இதுக்கு நீ எதுக்கு, உருண்டை எதுக்கு? தலகாணி போதாதா?"

டாக்டர் கொல்லை வழியாகப் போனார்.

பிச்சைமுத்து பெரியாஸ்பத்திரிக்குப் போனான். கத்திக்குப் படுத்தான். ரெங்கம்மாள் லால்குடிப் பேச்சை எடுத்தபோது, "கொறை எங்கிட்டதாம்மா" என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னான். ரெங்கம்மாள் அன்றைக்கே லால்குடிக்கு 'வேண்டாம்' என்று சொல்லியனுப்பினாள்.

அந்த வாசலில் இப்போது வேறொருத்தர் விபூதி மந்திரித்துக் கொடுக்கிறாராம். கூட்டம் அதே கூட்டம். நரம்பு புடைத்தால் பெரியாஸ்பத்திரி டாக்டர் அறுத்துவிடுவார். அறிவு படுத்துக்கொண்டால், அவனவன்தானய்யா எழுப்ப வேண்டும்!