மந்திரி குளித்த தண்ணீர்

என் உடன்பிறந்த தம்பியும், பெயர்வழியில் என் மாமனாருமாகிய மாண்புமிகு எம்.எல்.ஏ. பௌலுசி அவர்களுக்கு அக்கா ரெபெக்கா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அத்தானும், மகள் மீகாவும், அவள் கைக்குழந்தையும் உயிரோடு இருக்கிறோம். சுத்தமாக இருக்கிறோமா என்று மட்டும் கேட்காதே. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற தலைநகர் இக்காலூயிட்டில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் மரியாதையை முடித்துவிடுகிறேன். நீ பிறந்த வாரத்தில் உன் அத்தான் தோமசியின் அப்பா காலமானதால் அவர் பெயரை உனக்கு வைத்தோம். அதனால் தோமசி இன்றைக்கும் உன்னை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார். நேற்றுக் கோபத்தில் "அந்தப் பய ஊருக்கு வரட்டும்"னு நான் சொன்னதற்கு, "எங்கப்பாவைப் பயன்னு சொல்லாதே"ன்னு சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விட்டார். ஆகையால் மாமா, தங்களுக்கு என் பணிவான வணக்கம். இனி தம்பியிடம் பேசுகிறேன்.

வடக்கே இருக்கிற ஊர்களுக்கு ரோடு வேண்டும், துறைமுகம் வேண்டும், வேலை வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் என் ஊருக்குப் புதிய தண்ணீர் நிலையம் வேண்டும் என்று சட்டமன்றத்தில் நீ பேசியதை ரேடியோவில் ஊரே கேட்டது. "என் சொந்த அக்கா பாத்திரம் கழுவின தண்ணியில தரை துடைக்கிறா"ன்னு சொன்னியே, அதையும் கேட்டது. கோவிலுக்குப் போனால் பெண்கள் என்னை விட்டுவிட்டு என் தரையை நலம் விசாரிக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒட்டாவா மந்திரி ஹாலரன் நேரில் வந்து கஷ்டத்தைப் பார்த்தால் கையெழுத்துப் போடுவார், இல்லாவிட்டால் இன்னும் ஐந்து வருஷம் என்றாய். மீகாவின் குழந்தைக்கு உடம்பெல்லாம் சொறி. நர்ஸ் தினமும் குளிப்பாட்டச் சொல்கிறாள். லாரி வராத நாளில் எதை வைத்துக் குளிப்பாட்டுவது? அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மந்திரியை என் வீட்டிலேயே தங்கவைக்கச் சம்மதித்தேன். "எதையும் ஒளிக்காதீங்கக்கா, உள்ளதை உள்ளபடி காட்டுங்க"ன்னு நீ போனில் சொன்னதை ஊர் ரேடியோவில் நானே அறிவித்தேன். எல்லோரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு என்ன செய்தார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

மறுநாள் விடிந்ததும் தண்ணி லாரி ஓட்டுகிற அதமி என் வாசலில் நிற்கிறான்.

"ஏன்டா, இன்னிக்கு எங்க முறை இல்லையே?"

"மந்திரி குளிக்க வேணாமாக்கா? விருந்தாளி நாத்தத்தோட திரும்பிப் போனா ஊர் மானம் என்னாகும்?"

"நாறட்டும்டா. அதுக்குத்தானே வரச் சொல்லியிருக்கோம்."

"கோவில்ல வேதம் வாசிக்கிற வாயா இது?" என்று என்னையே கேட்டுவிட்டு, தன் வீட்டுத் தண்ணீரையும் கிழக்குத் தெருத் தண்ணீர் முழுவதையும் என் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனான். தண்ணீர் இல்லையென்று தினமும் என்னிடம் புலம்புகிற எதிர்வீட்டு ஒலீபிகா, "எங்க பங்கும் அதுல இருக்கு, நல்லா குளிக்கச் சொல்லுங்க"ன்னு ஜன்னலிலிருந்து பெருமையாகக் கையசைக்கிறாள். மந்திரிக்கு முதலில் காட்டவேண்டியது அச்சு முறிந்து நிற்கிற இன்னொரு லாரியை. அதைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளி, தார்ப்பாய் போட்டு, மேலே பனியை வேறு அள்ளிப் போட்டு மூடிவிட்டார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்.

மந்திரி நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. வந்தார், குளிக்கப் போனார், குளித்தார், குளித்தார், குளித்துக்கொண்டே இருந்தார். கதவுக்கு வெளியே நின்று நான் சங்கீதம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே அவரும் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். கழிவுத் தொட்டி நிரம்பப்போகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. சரி, இது என்ன விளக்கு என்று கேட்பார், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தால், உன் அத்தான் விளக்கின் மேல் தன் தொப்பியை மாட்டிவிட்டார். வந்தவர் கூச்சப்படுவாராம்.

சாயங்காலம் ஊர் மண்டபத்தில் விருந்து. அவரவர் ஃப்ரீசரில் கடைசியாக இருந்த கரிபு மான் கறியும் உறைந்த மீனும் தரையில் விரித்த அட்டையில் மலையாகக் குவிந்திருந்தன. என் வீட்டுக் கணக்கில் இதை விருந்து என்று எழுதுவதா, நஷ்டம் என்று எழுதுவதா தெரியவில்லை. மந்திரி எழுந்து, "உங்களுக்குத் தண்ணீர்க் கஷ்டம் இருக்கிறதா?" என்று கேட்டார். மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் புருவத்தைத் தூக்கியது. ஆமாம் என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? அவரோ பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளரை நான் முறைத்தேன். யாராவது பேசினால்தான் மொழிபெயர்ப்பாராம், புருவம் அவர் வேலையில் சேராதாம். "ஏன் ஒருத்தரும் வாயைத் திறக்கல?"னு ஒலீபிகாவை இடித்தேன். "சாப்பிடுற மனுஷன்கிட்ட குறை சொல்றதா? டீ குடிக்கட்டும்"ங்கிறாள்.

டீயும் முடிந்தது. பொறுக்கமுடியாமல் நானே எழுந்தேன். நான் எழுந்தால் முடிவு ஜெபம் என்று பழகிப்போன ஜனம், எல்லோரும் எழுந்து தலைகுனிந்துவிட்டார்கள். மந்திரியும் குனிந்துவிட்டார். என்ன செய்வேன்? "கர்த்தரே, கிழக்குத் தெருத் தொட்டிகள் காய்ந்து கிடப்பதை நீர் அறிவீர், தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிற லாரியையும் நீர் அறிவீர், என் பேரப்பிள்ளையின் தோலைப் பாரும்" என்று ஒன்றுவிடாமல் ஜெபித்தேன். மொழிபெயர்ப்பாளரும் பக்தியாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மந்திரி எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார். பிறகு, "இவ்வளவு நிறைவான ஜனங்களை நான் கண்டதில்லை, உங்கள் எம்.எல்.ஏ. கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார்" என்று சிரித்தார். ஊரே கைதட்டியது, அதமி உட்பட.

இனி நீ சட்டமன்றத்தில் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை. பதவியை ராஜினாமா செய்துவிட்டு வந்து அந்த முறிந்த லாரியைச் சரிபண்ணு, புண்ணியமாகப் போகும். இனி ஒரு மந்திரியையும் என் வாசலுக்கு அனுப்பாதே. இந்தக் கடிதத்தை மந்திரியின் உதவியாளரிடமே கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு நம் எழுத்து வாசிக்கத் தெரியாது. தேவசமாதானம் உன்னோடு இருப்பதாக. மாமாவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அன்புள்ள அக்கா,
ரெபெக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. ராஜினாமா செய்துவிடாதே. திடீரென்று பனிப்புயல் பிடித்து, வந்த விமானம் இறங்காமலே திரும்பிவிட்டது. மந்திரியும் உதவியாளரும் அவர் பையிலிருந்த இந்தக் கடிதமும் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தாயிற்று. லாரி ஓடவில்லை, தொட்டி காலி. இன்று காலை மந்திரி குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து பார்த்தார். குழந்தையைத் துடைக்க மீகா வாசல் பனியை அள்ளி அடுப்பில் உருக்குவதைப் பார்த்து, வாளியை வாங்கித் தானே அள்ளிவந்தார். "ஒரு வாளி பனிக்கு இவ்வளவுதானா தண்ணீர்?" என்று பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனில் ஒட்டாவாவில் யாரையோ காய்ச்சி எடுக்கிறார். கையெழுத்துக்குக் காகிதம் தயாராகிறதாம். புயல் அதுவரை நிற்கக்கூடாதென்று ஒலீபிகா வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்திருக்கிறோம். அதமியைத்தான் நம்பமுடியவில்லை. "பாவம்க்கா, மனுஷன் குளிக்கல, காத்து கொஞ்சம் அடங்கினா ஒரு நடை ஊத்திடவா?"ன்னு வந்து நின்றான். லாரிச் சாவியைப் பிடுங்கி மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டேன்.