பக்கம்தான் என்று எழுதியதால் வந்த சம்பந்தம்

படப்பை,
12-2-1989

அன்பு மைத்துனன் கேசவனுக்கு உன் மாமா வேதாசலம் எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்கா பொன்னியம்மாள், மகள் லோகநாயகி, நான், கிணற்றுத் தண்ணீர் எல்லாரும் சௌக்கியம். புரசைவாக்கத்தில் நீயும் பிள்ளைகளும் குழாய்த் தண்ணீரும் அவ்விதமே இருக்க அம்மன் அருள் புரியட்டும்.

படப்பையையும் தாண்டி உள்ளே போய் வீடு கட்டிவிட்டீர்களே, இவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்று கேட்டிருந்தாய். உங்கள் தெருவில் குடியிருந்தவரை தெருக்கோடித் தபாலாபீசுக்கே ரிக்‌ஷா பிடித்தவன்தான் நான். இங்கே குடிவந்த அன்று ஆடு மேய்க்கும் முனியம்மாவிடம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன். "இன்னா சார், பக்கத்துலதான் கீது, ஏரிக்கரையோட போய்க்கினே இரு" என்றாள். போய்க்கொண்டே இருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோது எங்கே போகப் புறப்பட்டேன் என்பதே மறந்துவிட்டது. இப்போதோ வெற்றிலைக்கு ஒரு நடை, மறந்துபோன சுண்ணாம்புக்கு இன்னொரு நடை. கால் பழகியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, புத்தியும் பழகிவிட்டது.

லோகாவைப் பெண் பார்க்க வருகிறோம் என்று சைதாப்பேட்டையிலிருந்து எழுதினார்கள். "பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு பக்கம்தான்" என்று நானும் சத்தியமாக நம்பியே பதில் போட்டேன். சொன்ன நேரம் கடந்தும் ஆளைக் காணோம். உன் அக்கா போட்ட பஜ்ஜி ஆறிப்போனது. முன்னே வந்த வரன் இரண்டும் தூரத்தைக் காரணம் காட்டி நழுவியவை என்பதால் அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் செருப்பைக்கூடப் போடாமல் தேடப் போனேன். ஏரிக்கரைப் புளியமரத்தடியில் கண்டேன். பையனின் தாயார் சரோஜினி அம்மாள் பட்டுப்புடவையோடு வேரில் உட்கார்ந்திருக்கிறார், அவர் புதுச்செருப்பு பையன் கையில் இருக்கிறது, தகப்பனார் வேட்டியால் விசிறிக்கொள்கிறார்.

"பக்கம்னு எழுதினீங்களே, எந்த ஊருக்குப் பக்கம்? செங்கல்பட்டுக்கா?" என்றார் அந்த அம்மாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் முனிரத்தினத்தின் டிராக்டர் வைக்கோலோடு வந்தது. "ஏறுங்க சார், வூட்டாண்ட வுட்டுட்றேன்" என்றான். வேறு கதியில்லாமல் வருங்காலச் சம்பந்திகளை வைக்கோல் மேல் ஏற்றினேன். அலங்கரித்த பெண் காபித் தட்டோடு வந்து வணங்குவாள் என்றுதானே நினைப்பாய்? லோகா அந்த அம்மாளின் கொப்புளித்த காலைப் பார்த்ததும் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு வெந்நீரும் விளக்கெண்ணெயும் எடுத்துவரப் போய்விட்டாள். காபியை நான்தான் பரிமாறினேன். நாணிக்கொண்டு நின்றவனும் நான்தான்.

பையன் மெதுவாகக் கேட்டான். "நீங்க பாடம் எடுக்க தினமும் தாம்பரம் ஸ்கூலுக்கு எப்படிப் போறீங்க?"

"பஸ் வரைக்கும் சைக்கிள். அப்புறம் பக்கம்தான்" என்றாள் லோகா, அவன் தாயாரின் காலிலிருந்து கண்ணெடுக்காமல்.

முதலில் சிரித்தது அந்தத் தாயார்தான். ஆறிய பஜ்ஜியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கித் தின்றார். கிணற்றுத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்து, "எங்க பக்கம் இந்தத் தண்ணிக்கு லாரி பின்னாடி ஓடணும்" என்றார். போகும்போது லோகாவின் தலையில் அவரே பூ வைத்தார். உன் அக்கா அடுக்களைக்குள் போய் அழுதாள். நான் கொல்லைப்பக்கம் போனேன்.

ஆகவே தூரம் என்பதெல்லாம் பயந்தவன் போட்ட கணக்கு. நாங்கள் இங்கேயே இருந்து இங்கேயே கண்ணை மூடுவோம். மாசியில் நிச்சயதார்த்தம், மனைவி மக்களோடு வந்து சேர். சின்னவனுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் மாமா வேதாசலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் சம்பந்தியம்மாளே டாக்சியில் வந்து இறங்கினார். தண்ணீர் பிடித்துப்போனதாம், நம் சுவரை ஒட்டிய மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம், ஆடிக்குள் குடிவருவார்களாம். சம்பந்தி இவ்வளவு கிட்டத்தில் இருந்தால் குடும்பம் உருப்படாது என்கிறாள் உன் அக்கா. உங்கள் தெருவில் வாடகைக்கு வீடு இருந்தால் தந்தி கொடு. மாடிப் போர்ஷனானாலும் சரி.