பூசணிக்கு ஒரு ரைபிள்

துப்பாக்கி வாங்குகிறவர்கள் உண்டு, சுடுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று அமெரிக்காவில், நம் நெப்ராஸ்கா மாநிலத்தில் செழிப்பாக வளர்கிறது: துப்பாக்கி தேர்ந்தெடுக்கிறவர். அடையாளம் காண்பது எளிது. துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசையில் முழங்கையை ஊன்றியிருப்பார். கையில் ஆறிப்போன காபி. வாயில் எப்போதும் ஓர் "ஆனா".

நம் டுவேன் இந்த இனத்தில் சொக்கத் தங்கம். தானியக் கிடங்கில் வேலை. ராணுவத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனாலும் ராணுவத் தோற்றத்தில், ஒரு தோட்டா பாய்ந்ததும் அடுத்தது தானாக வந்து உட்காரும் ரைபிள்தான் வேண்டும் என்பதில் மலைபோல் உறுதி. எந்த ரைபிள்? அங்கேதான் மலை ஆடியது. குழல் நீளமா, குட்டையா? தோளில் பதியும் பின்கட்டை மடங்க வேண்டுமா, நீண்டு சுருங்க வேண்டுமா? நிறம் கறுப்பா, பாலைவன மண்ணா? சுற்றிலும் சோளக்காடு. சோள நிறத்தில் ஏன் ஒருவரும் செய்வதில்லை என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

"மணல் புயல்ல தோட்டா சிக்காம சுடுமா?" என்பார் டுவேன், கடைக்காரர் ஆர்லோவிடம்.

"எதைச் சுடப் போறே?"

"பூசணிக்காய."

"பூசணி திருப்பிச் சுடாதுப்பா. தைரியமா இரு."

வேடிக்கையில்லை, பூசணி பெரிய விஷயம். பேய்வேடப் பண்டிகையான ஹாலோவீன் முடிந்த சனிக்கிழமை, டுவேனின் மனைவி மார்லிஸின் அண்ணன் கர்ட்டின் வயலில், முகம் செதுக்கிய பூசணிகளை மண்மேட்டுக்கு முன்னால் வைக்கோல் கட்டுகளில் அடுக்கிச் சுடுவார்கள். சொந்தத் துப்பாக்கி இல்லாதவர் பூசணி தூக்க வேண்டும். வீட்டு வழக்கம். டுவேனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தூக்கித் தூக்கி முதுகே பூசணிக்குத் தகுந்தபடி வளைந்துவிட்டது.

இந்த வருடம் மார்லிஸ் தோட்டத்தில் குழந்தைக் குளியல்தொட்டி அளவுக்கு ஒன்று காய்த்தது. வாய் நிறையப் பல் செதுக்கிவிட்டுச் சொன்னாள்: "இங்க பாரு டுவேன், சனிக்கிழமை சொந்தத் துப்பாக்கியோட வந்தா முதல்ல சுடறது நீதான். இல்லைன்னா வழக்கம்போல சுமந்துட்டுப் போ. நான் சுட்டுக்கறேன்."

வெள்ளிக்கிழமை மாலை, கடை மூடும் நேரத்தில், டுவேன் வாங்கியே விட்டார்! ஆர்லோ கதவைப் பூட்டிவிட்டு அழுததாகப் பேச்சு. நான் நம்புகிறேன்.

சனிக்கிழமை. டுவேன் பெட்டியைத் திறந்தார். கூட்டம் நெருங்கி வந்தது. மடங்கும் பின்கட்டை, விளக்கு, குழலைத் தாங்கக் கவட்டைக் கால், பாலைவன மண் நிறம். காதுக்கவசம் மாட்டிக்கொண்டு, கன்னத்தைப் பதித்து, ஒற்றைக் கண்ணை மூடினார். மூடிய கண்ணைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"என்ன மச்சான், தூங்கிட்டியா?" என்று கர்ட் கத்தினார். பிறகு எட்டிப் பார்த்தார். "ஏய், குறி பார்க்கறதுக்கு மேல ஒண்ணுமே இல்லையே! மொட்டையா இருக்கு!"

"குறி பார்க்கற கண்ணாடியத் தனியா வாங்கணும் மச்சான். சிவப்புப் புள்ளி காட்டறதா, பச்சையான்னு... இன்னும் முடிவு பண்ணல."

வயலே குலுங்கியது. ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே! டுவேன் குத்துமதிப்பாகச் சுட்டார். சுட்டார், சுட்டார், மேகஸினில் தோட்டா தீரும்வரை சுட்டார். வைக்கோல் கட்டு தூள்தூளாகி உயிரைவிட்டது. பூசணி பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தது.

"நகரு," என்றாள் மார்லிஸ். கையில் முயல் சுடும் பழைய ரைபிள். ஒரே குண்டு. பூசணி போன இடம் தெரியவில்லை. அதன் விதைகளில் பாதி டுவேனின் தொப்பியில் இருந்தன.

அழுதாரா? எங்கே! அடுத்த பூசணியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். திங்கட்கிழமை கடைக்குப் போக ஒரு காரணம் கிடைத்துவிட்டதே!

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஓடுவதற்கு எந்தக் காலணி நல்லது என்று பொங்கலிலிருந்து ஆராய்ந்து, தீபாவளிவரை ஓர் அடிகூட ஓடாத ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் பூசணி எது என்று எனக்குத் தெரியாது. அது பல்லைக் காட்டுவது மட்டும் இங்கிருந்தே தெரிகிறது.