நாலாயிரம் பேர் படித்த கிரைண்டர் குறிப்பு

சித்தூர்,
ஆகஸ்ட் 11, திங்கள் காலை

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் கிளாட்வின் அவர்களுக்கு,

தியோடர் எழுதிக்கொள்வது. உங்களையும் யூனிஸ் அக்காவையும் ஆண்டவர் ஒரு குறையுமில்லாமல் காப்பாராக. இங்கே நான் இருக்கிறேன். நலம் என்று எழுதலாம்தான். ஆனால் நேற்று ஆராதனை முடிந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் திருப்பதி பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட உங்கள் தங்கச்சி அதைப் படித்தால் சிரிப்பாள். ஆகவே நலத்தை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். லீனா தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். அது பெரும்பாலும் உண்மை. மீதியை நான் சொல்கிறேன்.

மாங்கூழ் ஃபாக்டரியில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்து மே மாதம் ரிட்டயர் ஆனேன், உங்களுக்கே தெரியும். ஜூன் மாதம் பெங்களூரிலிருந்து மகள் கேசியா வந்தாள். "சும்மா உக்காந்துக்கினு அம்மாவ நோண்டாதீங்க நைனா" என்று சொல்லி, வீட்டுச் சாமான் ரிப்பேர் பற்றி ஊர் உலகமெல்லாம் பேசிக்கொள்கிற ஒரு ஃபோரத்தில் என் பேரைச் சேர்த்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் யாரோ ஒரு அம்மா, கிரைண்டர் மோட்டார் ஓடுகிறது, கல் சுற்றவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பெல்ட் தளர்ந்திருக்கும் என்று நாலு வரி எழுதினேன். சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் நன்றி போட்டார்கள். முப்பத்தொரு வருடம் மெஷின் ஓடினபோது ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை, நின்றால் மட்டும்தான் கூப்பிட்டார்கள். இங்கே முன்பின் தெரியாதவர்கள் கைகூப்புகிற படம் அனுப்புகிறார்கள். அதில் விழுந்தவன்தான் மச்சான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அந்த ஃபோரத்தை நடத்துகிற யமுனா என்கிற பெண் உங்கள் திருப்பதியில்தான் இருக்கிறார். மரியாதையான பெண், அதுதான் கஷ்டமே. போன் போட்டு, ஸ்பானரே பிடிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி பெல்ட் மாற்றுவதை ஒவ்வொரு படியாக எழுதித் தரச் சொன்னார். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது.

"சார், ப்ளக்கப் பிடுங்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"அதுகூடவாம்மா சொல்லணும்?"

"தெரிஞ்சவங்க எதுக்கு சார் இதப் படிக்கப் போறாங்க?"

ப்ளக்கைச் சேர்த்து அனுப்பினேன். 'கொஞ்சம் தளர்த்தவும்' என்றால் எத்தனை சுற்று என்று திரும்பி வந்தது. ஸ்பானர் என்ன சைஸ் என்று திரும்பி வந்தது. நாலாவது தடவை, போட்டோ இல்லை என்று வந்தது. "போட்டோ லேகுண்டா எவரும் நம்பரு சார்" என்றார், போட்டோ இல்லாமல் ஒருவரும் நம்பமாட்டார்களாம். தமிழில் கெஞ்சுகிறவர், முடிவாக ஒன்றைச் சொல்லும்போது தெலுங்குக்குப் போய்விடுகிறார்.

போட்டோவுக்குக் கிரைண்டர் வேண்டும். கேசியாவின் ஞானஸ்நானத்துக்கு நீங்கள் கொடுத்தீர்களே, இருபத்து நாலு வருடமாக ஒரு நாளும் மக்கர் பண்ணாத அந்தக் கிரைண்டரைத்தான் கூடத்தில் கவிழ்த்துப் போட்டுக் கழற்றினேன். "நல்லா ஓடிக்கினு இருக்கறத எதுக்கு கழட்டறீங்கோ?" என்று லீனா கேட்டாள். போட்டோவுக்கு என்றேன். அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கழற்றிய சாமான்களை வரிசையாகச் செய்தித்தாள் மேல் வைக்கவும் என்பது ஏழாம் படி. அப்படியே வைத்தேன், போட்டோ எடுத்தேன். பிறகு டீ வந்தது. டீயோடு பேப்பர் படிப்பது என் வழக்கம், எடுத்துவிட்டேன். ஒரு வாஷர் இன்றுவரை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் கிரைண்டர் ஓடியது, ஆனால் அரிசிக்குப் பதில் ஆணியை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

குறிப்பு வெளியானது. நாலாயிரம் பேர் படித்தார்கள். ஹரிபாபு என்கிறவர், இது வாஷிங் மெஷினுக்கும் பொருந்துமா என்று கேட்டார். ஒருவர், தன்னிடம் கிரைண்டர் இல்லை, இருந்தாலும் மிகவும் பயனுள்ளது என்று எழுதினார். ஒருவர், நான் 'இருக்கவும்' என்று எழுதிவிட்ட இடத்தில் வல்லின று வர வேண்டும் என்று திருத்தினார். எல்லாருக்கும் பதில் போட்டேன். கழுத்து வலி வந்தது.

போன வெள்ளிக்கிழமை காலை, லீனா அறுப்பின் பண்டிகைக்குப் பாட்டுப் பழகக் கோயிலுக்குப் போயிருந்தாள். வாசலில் ஒருவர் தலையில் சாக்குமூட்டையோடு நின்றார். ராமகுப்பத்துக் கன்னையா. யமுனாவிடம் விலாசம் வாங்கி, பஸ் மாறி வந்திருக்கிறார், மூட்டைக்குள் கிரைண்டர். அவர் மனைவி பொன்னியம்மா ஊரில் இட்லிக்கடை வைத்திருக்கிறார். பெல்ட் தளர்ந்து, என் குறிப்பைப் பார்த்து கன்னையா தானே கழற்ற முயன்று, பெல்ட் ஓடுகிற சக்கரம், அதாவது புல்லி, இரண்டாகப் பிளந்துவிட்டது. கடை மூடி மூன்று நாள்.

"நீங்கோ எழுதினத ஒரு எழுத்து விடாம பண்ணேன் சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் தன் போனில் குறிப்பை உரக்கப் படிக்க, நான் அவர் கிரைண்டரைக் கழற்றினேன். எங்கே தவறு நடந்தது என்று பார்க்க வேண்டுமே.

"ஆறாவது. 'மூடியை எளிதாகக் கழற்றவும்.' எளிதா வர்ல சார்."

"வராது."

"அப்போ ஏன் சார் அப்டி எழுதினீங்கோ?"

ஊக்கமாக இருக்கட்டும் என்று எழுதினேன் என எப்படிச் சொல்வது? மேலே படிக்கச் சொன்னேன்.

"எட்டாவது. 'நட்டை இடப்பக்கம் திருப்பவும். இறுக்கமாக இருந்தால் அஞ்சாமல் பலம் கொடுக்கவும்.' குடுத்தேன் சார். பைப்பு சொருவி, நானும் என் பொண்டாட்டியும் சேர்ந்து குடுத்தோம்."

ஸ்பானரைக் கீழே வைத்தேன். கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டு நான் பார்த்த இடப்பக்கம் அது. நிமிர்த்தி வைத்து அடியில் கை விடுகிறவருக்கு அது வலப்பக்கம். கவிழ்க்க வேண்டும் என்று நான் எங்குமே எழுதவில்லை. நாலு தடவை திருப்பி அனுப்பிய யமுனாவுக்கும் தோன்றவில்லை. கழற்றுவதாக நினைத்து அந்த இரண்டு பேரும் உடைகிற மட்டும் முறுக்கியிருக்கிறார்கள்.

"தப்பு என்னுது கன்னையா. உங்க கை சரியாத்தான் இருந்துது" என்றேன்.

"அப்டியா சார்?" என்று அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். "மூணு நாளா அவோ என்னத்தான் திட்டிக்கினு இருந்தா."

அந்தப் பழைய புல்லி சித்தூர்க் கடைகளில் இல்லை. ஸ்பேர் கடை பவன்குமாருக்குப் போன் செய்தேன். வேலூரிலிருந்து சனிக்கிழமை காலை வந்துவிடும் என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பண்டிகைக்கு எண்பது பேருக்கு இட்லி மாவு லீனா பொறுப்பு, சனிக்கிழமை ஆட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும் மச்சான். தெரிந்துதான் அவள் கிரைண்டரின் புல்லியைக் கழற்றி கன்னையாவுடையதில் மாட்டி அனுப்பினேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளே கழற்றித் தந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. கேட்காததுதான் குற்றம்.

சனிக்கிழமை புல்லி வரவில்லை. புதன்கிழமை என்கிறார்கள். லீனா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடையில் பாக்கெட் மாவு வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்தாள். எண்பது பேரும் இட்லியைத் தின்றுவிட்டு மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. பஸ் ஏறும்போது, "உங்க நாலாயிரம் பேரும் வந்து சோறாக்கிப் போடட்டும்" என்றாள்.

யமுனாவிடம் குறிப்பை எடுத்துவிடச் சொன்னேன். நிறையப் பேர் விரும்பியதால் அதை எல்லாவற்றுக்கும் மேலே குத்தி வைத்திருக்கிறார்களாம், திருத்தத்தைக் கீழே கருத்தாகப் போடலாமாம். போட்டேன். முந்நூறு கருத்துகளுக்கு அடியில், ஹரிபாபுவின் வாஷிங் மெஷினுக்கும் கீழே கிடக்கிறது. மறுபடி போன் செய்து, எட்டாம் படியை அவரே மாற்றுகிற வரைக்கும் போனை வைக்கவில்லை. மாற்றினார். பிறகு ஃபோரத்திலிருந்து விலகிவிட்டேன். இனி யாருக்கும் எந்த உபகாரமும் எழுத்தில் செய்வதில்லை. எனக்கு அலுத்துவிட்டது மச்சான்.

லீனாவிடம் நல்ல வார்த்தை சொல்லி வியாழக்கிழமை அனுப்பி வையுங்கள். அதுவரை நான் வீட்டை விட்டு எங்கும் நகரமாட்டேன். யூனிஸ் அக்காவுக்கு என் வந்தனம். உங்கள் முழங்கால் வலிக்காக ஜெபித்துக்கொள்கிறேன், இப்போது வீட்டில் அதற்கு நேரமும் அமைதியும் நிறைய இருக்கிறது.

அன்புள்ள,
தியோடர்

பி.கு.: ஃபோரத்திலிருந்து விலகியது உண்மை. நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பச் சேர்ந்ததும் உண்மை. இப்போது பார்த்தால், லீனா தன் பேரிலேயே அங்கே ஒரு கேள்வி போட்டிருக்கிறாள்: 'திருப்பதியில் எங்க அண்ணன் வீட்டு மிக்சியில் கருகின வாசனை வருது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.' அதற்குள் முப்பது பேர் பதில் எழுதியிருக்கிறார்கள், அத்தனையும் தப்பு. நான் எழுதவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலிலும் போடவில்லை, போட்டோ எடுத்து உங்கள் போனுக்கே அனுப்புகிறேன். ஸ்பானர் பையோடு பதினொரு மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். நான் வருகிற வரைக்கும் மிக்சியை யாரும் தொட வேண்டாம்.