கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு

சனிக்கிழமை காலையில்தான் டாங்க் நிறைய பெட்ரோல் போட்டிருந்தார் தோகுஜி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினால், பெட்ரோல் காட்டும் முள் கால்வாசிக்கும் கீழே சாய்ந்து படுத்திருந்தது.

கண்ணாடியை விரலால் தட்டினார். முள் அசையவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருடம் தீவுகளுக்குப் போய்வரும் கப்பலின் இயந்திர அறையில் முட்களைப் பார்த்தே பிழைத்தவர். ஊரில் இன்னும் அவரை ‘சீஃப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர்கள் பொய் சொல்வார்கள், முள் சொல்லாது என்பது அவர் கட்சி.

வீட்டுக்குள் போய் மனைவியிடம் சொன்னார். ஹாட்சுயே முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“போட்டதா நெனச்சிருப்பீங்க.”

“ரசீது வாங்கினேன். வெயில் மறைப்புல சொருகி வெச்சேன்.”

“எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்.”

வெயில் மறைப்பில் ரசீது இல்லை. மூன்று தடவை பார்த்தார். இருக்கைக்கு அடியிலும் இல்லை.

தோகுஜிக்கு எழுபத்தேழு வயது. ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று ஒசாகாவிலிருந்து மகள் வாரம் தவறாமல் போன் செய்கிறாள். ஹாட்சுயேவும் அவள் பக்கம்தான். உரிமம் போனால் மலைச்சரிவிலுள்ள கமலா ஆரஞ்சுத் தோட்டமும் போன மாதிரிதான். அந்த ஏற்றத்தை நடந்து ஏற முடியாது. மிச்ச நாளெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்க்கவேண்டியதுதான். கடலை அவர் போதுமான அளவு பார்த்தாயிற்று.

பழுது முள்ளில் இருக்கவேண்டும். அது அவர் தலையில் இருக்கக்கூடாது.

வண்டிக்கு இருபத்தாறு வயது. ஆரஞ்சு சங்கம் ஒரே வருடத்தில் மொத்தமாகப் பேரம் பேசி வாங்கிய பதினொரு வெள்ளை மினி லாரிகளில் ஒன்று. அதன் வயிற்றுக்குள் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அவருக்கு மனப்பாடம். டாங்கிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி இரும்பில் தொடவைத்தார். முள் எழுந்து முழு அளவு வரை போயிற்று. அப்படியானால் முள் சரி. டாங்கைத் திறந்து மிதவையை எடுத்துப் பார்த்தார். அதுவும் சரி. பெட்ரோல்தான் இல்லை.

எல்லாவற்றையும் மாட்டி, சந்தேகத்துக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தார். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் துள்ளிக்கொண்டு மேலே ஏறியது. விளக்கை அணைத்தால் இறங்கியது. நேற்றுவரை அது இப்படி ஆடியதே இல்லை.

“நல்லா இருந்ததையும் கெடுத்தாச்சா?” என்று ஹாட்சுயே வாசலிலிருந்து கேட்டாள்.

அவர் டேஷ்போர்டைக் கழற்றினார். பின்னால் எர்த் கம்பி முனை துருப்பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டு வெள்ளிபோலத் தேய்த்து முடுக்கியதும் முள் அடங்கியது. பிறகு பங்க்குக்குப் போய் மறுபடி டாங்கை நிரப்பினார். இந்த முறை ரசீதைப் பையில் வைத்துக்கொண்டார். முள் நின்ற இடத்தில், கண்ணாடியின் மேல், சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். தூரம் காட்டும் எண்களை அவர் பார்க்கவில்லை. கப்பலில் தூரம் பார்ப்பது மேல்தளத்துக்காரர்கள் வேலை.

இனி யார் பெட்ரோலை உறிஞ்சினாலும் கோடு சொல்லிவிடும்.

யார் என்பதுதான் கேள்வி. அந்த ஊரில் வண்டியிலிருந்து சாவியை யாரும் எடுப்பதில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை, கீழ்ச்சந்தில் தனியாக இருக்கும் மியோஷி என்ற விதவை ஒரு கட்டு வெங்காயத்தாளோடு வந்தாள். காரணமில்லாமல் வந்தாள். மூன்று முறை குனிந்து வணங்கினாள். போகும்போது, “வண்டி நல்லா ஓடுதா, சீஃப்?” என்று கேட்டாள்.

வெங்காயத்தாள் சூப்பில் மிதந்தபோது தோகுஜி அதைத் தொடவில்லை.

புதன்கிழமை மதியம் ஹாட்சுயே வழக்கம்போல வண்டியை எடுத்துக்கொண்டு வெந்நீர்க் குளியலகத்துக்குப் போய்வந்தாள். புதனும் சனியும் அங்கே வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணம். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.

வியாழக்கிழமை காலை கண்ணாடியில் சிவப்புக் கோடு இல்லை.

துடைத்த தடம்கூட இல்லை. முள் முக்காலில் நின்றது. டேஷ்போர்டைக் கழற்றினார். தன் கையால் தேய்த்த எர்த் முனை, பத்து வருடம் மழையில் கிடந்தது போலத் துருவேறி இருந்தது. நிமிர்ந்தபோது வெயில் மறைப்பிலிருந்து ஒரு தாள் மடியில் விழுந்தது. சனிக்கிழமை ரசீது.

பெட்ரோல் திருடுகிறவன் உண்டு. ரசீதைத் திருடிவிட்டு ஐந்து நாள் கழித்துத் திருப்பி வைக்கிறவன் யார்? துருவைக் கொண்டுவந்து பூசுகிறவன் யார்?

சாயங்காலம் மியோஷி உப்பு மீனோடு வந்தாள்.

“சூட்டு முள் இப்ப ஆடறதில்ல, சீஃப். ரொம்ப சந்தோஷம்,” என்றாள் தரையைப் பார்த்து.

சூட்டு முள் ஆடியதைத் தோகுஜி ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை சங்கத் தலைவர் வாசலுக்கு வந்து, வானிலையைப் பற்றிக் கால்மணி நேரம் பேசிவிட்டு, ஊரில் ஏதாவது களவு போயிற்றா என்று மெதுவாகக் கேட்டார். சனிக்கிழமை காலை எதிரில் வந்தவர்கள் தலையைக் குனிந்த மாதிரியும் இருந்தது, குனியாத மாதிரியும் இருந்தது.

“என்னால குளிக்கப் போக முடியல, எல்லாரும் ஒரு மாதிரியா பாக்கறாங்க,” என்றாள் ஹாட்சுயே. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். போகும்முன் கெடு வைத்தாள்: “திங்கக்கிழமைக்குள்ள திருடன காட்டுங்க. இல்லேன்னா போலீஸ் ஸ்டேஷன்ல லைசென்ஸ குடுத்துடணும். பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன்.”

அவர் ஒப்புக்கொண்டார். முள்ளின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலை சிவப்புக் கோடு திரும்பி வந்திருந்தது. அவர் போட்ட கோடுதான். நுனியில் சற்று வளைந்திருந்த அதே கோடு. முள் அதன் கீழே மயிரிழை பிசகாமல் நின்றது. எர்த் முனை வெள்ளிபோல மின்னியது.

தோகுஜி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு ஹாட்சுயே வந்து கதவுக் கண்ணாடியைத் தட்டும்வரை உட்கார்ந்திருந்தார். இனி சந்தேகப்பட ஒரே ஒருவர்தான் மிச்சம். அந்த ஆள் பின்காட்டும் கண்ணாடியிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். உரிமம் சட்டைப்பையில் இருந்தது. பக்கத்தில் ஹாட்சுயே கைப்பையை மடியில் நிறுத்தி, இறுதிச் சடங்குக்குப் போகிறவள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள். குரலில் மட்டும் கொஞ்சம் இரக்கம் சேர்ந்திருந்தது.

“வயசானா எல்லாருக்கும் வர்றதுதாங்க. இனிமே நான் ஓட்டறேன். நீங்க சும்மா உக்காந்து வாங்க.”

அவர் சாவியைத் திருப்பப் போனபோது, சரிவில் மியோஷி ஒரு பை சீமைப்பனிச்சைப் பழத்தோடு ஏறி வந்தாள். வண்டிக்கு முன்னால் நின்று குனிந்தாள். தோகுஜி கண்ணாடியை இறக்கினார். இழப்பதற்கு இனி எதுவும் இல்லை.

“மியோஷி, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு. என் வண்டிய நீ எடுத்து ஓட்டினியா?”

மியோஷி பழங்களைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். கீழே துறையில் ஒரு படகு கிளம்பிப் போயிற்று.

“ஓட்டினேன், சீஃப்.”

தோகுஜியின் கை தானாகச் சட்டைப்பையை மூடிக்கொண்டது. எட்டு நாள் கழித்து மூச்சு முழுதாக உள்ளே போயிற்று.

“பெட்ரோல்?”

“கோடு போட்டிருந்தீங்களா, எதுக்குன்னு தெரியல. அதுவரைக்கும் நிரப்பி வெச்சேன்.”

ஹாட்சுயேவுக்குப் பொறுக்கவில்லை. கணவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். “நல்லா இருக்கே! அடுத்தவங்க வண்டிய ஏம்மா எடுக்கணும்?”

மியோஷி முழங்கால்வரை குனிந்தாள். குனிந்தபடியே சொன்னாள்:

“எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் இப்படி வந்து வந்து போனேன், அக்கா, குளிச்சிட்டு நீங்க முதல்ல வெளிய வந்து, வாசல்கிட்ட எது நிக்குதோ அதுல ஏறிப் போயிடறீங்க, மிச்சம் நிக்கறத நான் எடுத்துட்டு வரேன், இப்பக்கூட நீங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கறது என் வண்டியிலதான்.”