ஓட்டுபவர் ஒருவர், கத்துபவர் மூவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், பாப்பா இப்போதுதான் தூங்கினாள். காரைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அண்ணியும் புதிதாகப் பிறந்த உங்கள் குட்டியும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் நீ இங்கே சாப்பிட உட்கார்ந்தபோது, மோதிய கார்களுக்கு நஷ்டஈடு மதிப்பிடுகிற உன் வேலையைப் பற்றி நான் கேட்டிருக்கவே கூடாது. நீயும் தட்டை லாரியாக்கி, டம்ளரைக் காராக்கி, ஒட்டிக்கொண்டே போனால் முன்வண்டி பிரேக் போட்டதும் பின்னால் இடிப்பது, அவசரமாக முந்தப் போய் நேருக்கு நேர் மோதுவது, சிக்னலை மதிக்காமல் நாற்சந்தியில் விலாவில் வாங்குவது, வளைவில் வேகம் குறைக்காமல் உருண்டே போவது என்று ஒவ்வொன்றாக நடத்திக் காட்டினாய். டம்ளர் கவிழ்ந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அதன்பிறகு ஒரு வாய் இறங்கவில்லை.

மறுநாளே காருக்குள் காவல் போட்டுவிட்டேன். முன்பக்கம் என் பொறுப்பு, பக்கவாட்டு பாப்பாவுக்கு. பின்பக்கம் என் மாமனாருக்கு. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், பாதி ஆயுசைப் பின்னால் பார்த்தே கழித்தவர், ஆசையாக ஒத்துக்கொண்டார். "பிரேக், பிரேக்!" என்று நான். "சைக்கிள்! நாய்! இன்னொரு நாய்!" என்று பாப்பா. "பின்னால லாரி, பயமில்ல, தூரத்துலதான் வருது" என்று மாமா. என் வீட்டுக்காரர் பொறுமைசாலி. "ஓட்டறது நானா, நீங்க மூணு பேருமா?" என்று ஒரே ஒரு நாள்தான் கேட்டார்.

நேற்று வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பாப்பா "அம்மா, பூனை!" என்றாள். நான் "நிறுத்துங்க!" என்று அலறினேன். மாமாவோ பதறிப்போய், சட்டைப்பையில் இருந்த பழைய விசிலை எடுத்து ஊதிவிட்டார். அந்த விசிலுக்கு ரயில் புறப்படுவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை என் வீட்டுக்காரர். கால் தானாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டது. வண்டி கேட் தூணில் போய்த்தான் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பூனை மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

"டிரைவர் கவனம் கலையறதுதான் பெரிய காரணம்னு உங்கண்ணன் சொன்னாரே, அதுக்கு மட்டும் காவல் போட மறந்துட்டியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். இனி எவராவது வாயைத் திறந்தால் ஓட்டமாட்டாராம். ஞாயிற்றுக்கிழமை உன் குட்டியைப் பார்க்க நாங்கள் பஸ்ஸில் போகலாமாம். அத்தையாகியும் நான் இன்னும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை அண்ணா! அதனால் வழி முழுக்க மூச்சுவிடமாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டேன். பயிற்சிக்காக இன்று சாயங்காலம் மருந்துக்கடைவரை காரில் உதட்டைக் கடித்துக்கொண்டே போய்வந்தேன். பாப்பா வாயில் பிஸ்கட். மாமாவின் விசில் பீரோவில். நான் திருந்திவிட்டேன் என்று நீ ஒரு வரி எழுதினால் அவர் நம்புவார்.

அண்ணிக்கு என் அன்பு, குட்டிக்கு ஆயிரம் முத்தம்.

உன் தங்கை

பி.கு: தண்ணீர் குடிக்க எழுந்துவந்த என் வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலாக நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டார். "அண்ணனுக்கு இதையா எழுதற? மருந்துக்கடையிலேருந்து வர்றப்ப அந்த அமைதியில எனக்குக் கண்ணு சொக்கிடுச்சு. தூங்கிட்டே ஓட்டறதுக்கு உங்க கத்தலே தேவலை. ஞாயித்துக்கிழமை நீ பேசிட்டே வா, தாயே. ரோட்டைத் தவிர எதை வேணா பேசு" என்கிறார். நான்கு மணி நேரப் பயணம். ரோட்டைத் தவிர வேறு என்ன பேசுவது என்று எனக்குத் தோன்றவே மாட்டேன் என்கிறது. சீக்கிரம் பதில் போடு அண்ணா.